இரண்டு பேட்டரிகள், ஒன்பது போன்கள்

1

இந்தக் கதை குற்றவுணர்விலிருந்து பிறந்தது. சூராகான் வீட்டில் அன்று செருகியிருந்த ஒன்பது போன்களில் ஒன்று என்னுடையது.

முதல் வரியாக எழுதியது: 'பாமீர் மலைமேல் பனி...' வேண்டாம். பனியைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றி எழுதாமல் தப்பித்துவிடுவேன்.

2

சூராகானின் கணவர் சாதிபெக்குக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூச்சு இயந்திரம் ஓயாமல் ஓட வேண்டும். எங்கள் ஊரில் மின்கம்பி கிடையாது. கூரையில் சோலார் பலகை, கீழே இரண்டு பழைய லாரி பேட்டரிகள். ஒன்று இயந்திரத்தை ஓட்டும்போது மற்றது வெயிலில் நிரம்பும். இது இறங்கியதும் அதை மாற்றுவாள். வியாழன் மாலை அவரை ஓஷ் நகர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வரும். அதுவரை தாங்க வேண்டும்.

3

வியாழன் காலை வானம் மூடிக்கொண்டது. பயணம் போகிற நோயாளியைப் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்களின் போனுக்குத் தேநீருக்கு முன்பே சார்ஜ் கொடுப்பது எங்கள் வழக்கம்.

"அக்கா, ரெண்டு கோடு ஏறினாப் போதும்" என்றான் பக்கத்து வீட்டு அசிமாலி.

"போட்டுக்கோடா. வந்தவனுக்கு இல்லேன்னா என் மானம் போயிடும்" என்று படுக்கையிலிருந்து சிரித்தார் சாதிபெக். "உன் போன் குடிக்கிற குடிக்கு நீயே தேவலை!"

சூராகான் அடுத்து மாற்ற வைத்திருந்த பேட்டரியில் வயர்களைச் செருகினாள். கடைசியாக என்னிடம், "டீச்சர், நீங்களும் குடுங்க."

[அவள் முகத்தில் 'அமைதி' என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். நான் முகத்தைப் பார்க்கவில்லை. என் போனில் எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.]

4

இரண்டு பேட்டரியும் தீர்ந்து இயந்திரம் மூன்று மணிக்கு நின்றது. வண்டி நாலரைக்கு வந்தது. அவர் மூச்சு அதுவரை காத்திருக்கவில்லை.

பிறகு கணக்குப் போட்டேன். ஒன்பது போன்களும் சேர்ந்து குடித்தது இயந்திரம் ஓட ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

முடிவு அ: மூன்று மணிக்கு வெயில் அடித்தது. (அடிக்கவில்லை.)

முடிவு ஆ: சூராகான் எழுந்து, "எல்லாரும் கழட்டுங்க, அவருக்கு வேணும்" என்று...

ஐந்து முறை எழுதி ஐந்து முறையும் அடித்தேன். அவர் காதுபட அவளால் அதைச் சொல்ல முடியாது. நாங்களே கழற்றியிருக்கலாம். அப்படி ஒரு முடிவு எனக்கு அன்று தோன்றவே இல்லை.

5

அவர் இறந்த நாற்பதாம் நாள் சாப்பாடு. நல்ல வெயில். ஓட்ட எதுவும் இல்லாமல் இரண்டு பேட்டரிகளும் நிறைந்திருந்தன. ஒருவரும் போனை வெளியே எடுக்கவில்லை.

"என்ன, எல்லாரும் ஊமையாட்டம்? குடுங்க. ரெண்டும் சும்மாதானே கிடக்கு?"

சூராகான் ஒவ்வொருவர் முன்னாலும் கை நீட்டிக்கொண்டே வந்தாள். அசிமாலி அழுதுகொண்டே கொடுத்தான். அடுத்து நான்.

கொடுத்தால் அது என்ன? கொடுக்காவிட்டால் என்ன? எனக்குத் தெரியவில்லை, இங்கே நிறுத்துகிறேன். கை நீட்டியபடிதான் நிற்கிறாள். இனி உங்கள் முறை.