ஜட்ஜய்யாவின் டைம்

என் வீட்டுக்காரருக்கு ஓட்டக் குழுவில் ஜட்ஜய்யா என்று பெயர். யார் ஓடி முடித்து மூச்சு வாங்க நின்றாலும் போய்த் தீர்ப்புச் சொல்லாமல் விடமாட்டார். இருபத்தொரு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் நல்ல டைம். அதற்கு மேல் போனால், "அது ஓட்டமில்லப்பா, உலாத்தல்." இவரே ஒருநாளும் இரண்டு மணிக்குள் வந்ததில்லை. அதற்குக் காற்று, ஷூ, தூக்கமின்மை என்று ஆயிரம் காரணம் வைத்திருப்பார்.

நான் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள். விடிவதற்குள் சமையலை முடித்துவிட்டு ஓடிப் பழகினேன். முதல் தடவை முழுத் தூரமும் ஓடிவிட்டு, "எப்படிங்க?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ரெண்டே காலா? உனக்குப் பரவாயில்ல."

அந்த 'உனக்கு' சுருக்கென்று தைத்தது. இந்த மனுஷன் வாயால் ஒரே ஒரு தடவை நல்ல டைம் என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டேன்.

போன வருஷம் வேறு ஊரில் ஒரு ஓட்டம். குழுவில் இவர் மட்டும்தான் பெயர் கொடுத்திருந்தார். நான் பை தூக்கப் போனேன். முந்தின நாள் விடுதிப் படியில் கால் பிசகி இவர் கணுக்கால் வீங்கிவிட்டது.

"என் நம்பர் அட்டையைச் சட்டையில குத்திக்கிட்டு நீ போ. நடந்தாவது வந்துடு, மெடலாவது மிஞ்சும்."

"அடுத்தவங்க நம்பர்ல ஓடலாமாங்க?"

"அவ்வளவு கூட்டத்துல உன்னை யாரு பார்க்கப் போறா?"

நடக்கவா போனேன்? உயிரைக் கொடுத்து ஓடினேன். கடைசி மேட்டில் இரண்டு பயில்வான்களைத் தாண்டினேன். கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் ஒரு மணி ஐம்பத்தாறு நிமிஷம் காட்டியது. மெடலோடு அறைக்குப் பறந்து வந்தேன்.

"என்னங்க! ஒன்னு அம்பத்தாறு!"

இவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னாலேயே முடிவு அதில் வந்துவிட்டது, இவர் பெயரில். எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் கோச் அதைப் போட்டு, 'ஜட்ஜய்யா பின்னிட்டீங்க' என்று எழுதியிருந்தார். அதன் கீழே வாழ்த்து மேல் வாழ்த்து. இவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, 'நன்றி' என்று தட்டினார்.

"ஐயோ, என்ன பண்றீங்க? நான் ஓடினேன்னு சொல்லுங்க!"

"பைத்தியமா உனக்கு? நம்பர் மாத்தி ஓடினது தெரிஞ்சா ரெண்டு பேரையும் தடை பண்ணிடுவாங்க."

"சரி, ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லுங்க. நல்ல டைமா இல்லையா?"

"யாரோட டைம்?" போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுல உன் பேர் எங்க இருக்கு?"

அந்த மெடலை ஜன்னல் வழியாக வீசியிருக்க வேண்டும். வீசவில்லை; இவர் பையில்தான் வைத்தேன்.

இவர் பெயருக்கு வந்த சான்றிதழ் இப்போது கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. தூசி தட்டுவது நான்தான். இவருக்கு அன்றிலிருந்து கணுக்கால் சரியாகவே இல்லை. எப்படிச் சரியாகும்? சரியானால் ஓட வேண்டுமே! ஆலோசனை மட்டும் தாராளமாக வழங்கிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் என் சொந்தப் பெயரில் ஓடினேன். முட்டி வலித்தது, விடவில்லை. ஒன்று ஐம்பத்தெட்டு. முடிவுக் கோட்டில் கால் கட்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாக இவர் நின்றிருந்தார்.

"ரெண்டு மணிக்குள்ள வந்துட்டேன். உங்க சட்டம்தான். இப்பச் சொல்லுங்க."

"இது சமதரைப் பாதை. இங்க எல்லாரும் வருவாங்க. உனக்குப் பரவாயில்ல."

அதற்குள் கோச் ஓடி வந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை.

"அக்கா, அசத்திட்டீங்க! ஜட்ஜய்யா டைமுக்கு இன்னும் ரெண்டே நிமிஷம்தான் பாக்கி. விடாம பழகுங்க, அவரைப் பிடிச்சிடலாம்!"

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். இவரும் தட்டினார்.

"என்னக்கா, கண்ணு கலங்குது? சந்தோஷமா?"

"ஆமா தம்பி," என்றேன்.