நாற்பது கிலோ

ஆராய்ச்சி அறை வாசலில் ஏழாவது ஆளாக உட்கார்ந்திருந்தார் டைல்ஸ்காரர். பக்கத்தில் அவர் மனைவி, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு. மடியில் காலித் தண்ணீர் பாட்டில்.

"முழுசையும் குடிச்சிட்டியா?"

"இது ரெண்டாவது."

"எடை பார்க்க வாடின்னா, குளத்தையே வயித்துல கட்டிட்டு வந்திருக்கே." அவளுக்குச் சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

இருவருக்குமே காசநோய். பொது ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்து நாலு மாதமாகிறது. புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் இந்த ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் எடைக் கருவியில் ஏறியபோது முள் முப்பத்தேழில் நின்றது. நாற்பது இருந்தால்தான் எடுப்பார்களாம். வெறும் மூன்று கிலோ. அவர் ஒற்றைக் கையில் தூக்கும் சிமெண்டுச் சட்டி அதைவிடக் கனம்.

முறை வந்து உள்ளே போனார். நர்ஸ் காலி மாத்திரை அட்டைகளை எண்ணினாள். "ஒரு நாள்கூட விடல. எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு ஏன் தலைவலி?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "மூணு மாசமாச்சு. சளியில கிருமி அப்படியே இருக்கு. தினமும் முழு மாத்திரையா முழுங்குறீங்க?"

அவருக்குப் பொய் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். அன்றைக்கு அவளுக்கான அரை மாத்திரை. இருபது வருடம் டைல்ஸ் அறுத்த கை. பிசிறில்லாமல் சரிபாதியாக இருந்தது.

"பக்கத்துல படுத்து அவ இருமும்போது, நான் மட்டும் எப்படி முழுங்குறது?"

டாக்டரம்மா அந்த மடிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அரை மருந்துல கிருமி சாகாதுங்க. மருந்துக்கே பழகிப்போயிடும். இனி உங்களை இதுல வெச்சுக்க முடியாது." டாக்டரம்மா கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"சரி, என்னை எடுத்துருங்க. தப்பு என்னோடது. அவளைச் சேர்த்துக்கங்க. இப்ப உடம்பு தேறியிருக்கா."

"இந்த மருந்துலதானே தேறியிருக்காங்க? ஏற்கெனவே சாப்பிட்டவங்களைச் சேர்க்கக் கூடாது. பொது ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன்."

"அங்கதான் மருந்தே இல்லையே டாக்டரம்மா."

டாக்டரம்மா சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். டைல்ஸ்காரர் தன் கையாலேயே அவள் வாய்ப்பைக் கெடுத்துவிட்டோமே என்று தலையைத் திருப்பினார்.

திறந்திருந்த கதவுக்கு வெளியே, எடை பார்க்கும் கருவிமேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தானாகவே ஏறியிருந்தாள்.

"ஏங்க, நாப்பது," என்றாள்.

முள் லேசாக ஆடியது. இருமினால் இறங்கிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாராவது வந்து எழுதிக்கொள்ளும்வரை அவள் இறங்காமல் நின்றாள்.