மனோகரியால் அச்சிடப்பட்டது

தமிழ்கூறும் நல்லுலகெங்கும் பரந்து வாழும் பெருமக்களுக்கும், விசேடமாகத் தீவகப் பகுதி வாழ் அன்பர்களுக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில்: நமது மண்ணில் பிறந்து, தமிழன்னையின் திருக்கரத்தில் மின்னெழுதுகோலைக் கொடுத்த கொம்பியூட்டர் புரோகிராமுக்கு, சூரிய சந்திரர் உள்ளளவும் நிலைக்கத்தக்க மங்களகரமான ஒரு திருநாமத்தைச் சூட்டும் பொருட்டு, வருகின்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நமது சனசமூக நிலையத்தில் விசேட பொதுக்கூட்டம் நடைபெறும். கூட்டம் உரிய நேரத்துக்குத் தொடங்கும்.

கடைசி வசனத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊர் நம்பியது. அறிவித்தவர் அப்புத்துரையர், சனசமூக நிலையத்தின் தலைவர். தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். உத்தியோக காலம் முழுக்க மற்றவர்கள் எழுதினதுக்கே முத்திரை குத்தி அனுப்பினவருக்குச் சொந்தமாகச் சொல்ல நிறைய மிஞ்சிக் கிடந்தது. ஒரு வாடகைக் காரின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர்காவற்றுறை றோட்டில் மேலும் கீழுமாகப் போனார்.

கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த குலசிங்கம் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அந்தப் புரோகிராமை எழுதினவன் அவன்தான். அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. மனோகரி. அது அவனுடைய மனைவியின் பெயர். அவள் செத்துப்போனவள். ஊருக்கு இருந்த கரைச்சல் அவ்வளவுதான்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊரில் பாதிப் பெடியள் வெளிநாட்டுக்கு ஏறினபோது குலசிங்கமும் ஏறினான். கலியாணம் முடிந்து வாசல் வாழைமரம் வாடமுன் ஜேர்மனிக்குப் போனவன். அங்கே கொம்பியூட்டர் திருத்துகிற கடை ஒன்றில் வேலை கிடைத்தது. மனோகரி இங்கே ஊர்காவற்றுறையில் தமிழ் தட்டச்சுப் பழகப் போனாள். பழகினதைக் காட்டுவதற்காக அவனுக்கு எழுதுகிற கடிதங்களைத் தட்டச்சிலேயே அடித்து அனுப்புவாள். மெய்யெழுத்துக்கு மேலே குத்து வைக்க வேண்டிய இடமெல்லாம் மறந்துவிடுவாள். பிறகு பேனையால் குத்திவிடுவாள். தாளின் மறுபக்கம் தடவினால் அந்தப் பேனைக் குத்துகள் கையில் தட்டுப்படும்.

பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்ற செய்தியும் செத்துவிட்டாள் என்ற செய்தியும் ஒன்றாகவே அவனிடம் போய்ச் சேர்ந்தன. அகதி வழக்கு முடியாதவன் அந்த நாட்டை விட்டு அசைய ஏலாது. அசையவில்லை.

இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்து ஒரு வருஷம் போல் கழித்து, பெரிய பெட்டியில் ஒரு கொம்பியூட்டரும் சின்னப் பெட்டியில் ஊசி முனைகளால் குத்தி எழுத்தடிக்கிற ஒரு பிரிண்டருமாகத் திரும்பி வந்தான். ஊரில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. 'அந்தப் பிள்ளை' என்றார்கள். 'பாவம், அந்தப் பிள்ளை' என்றார்கள். இரக்கப்பட்டே ஒரு பெயரை ஊரிலிருந்து எடுத்துவிடலாம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் பழகின அதே தட்டச்சு விசைகளின் ஒழுங்கில், திரையில் தமிழ் வரும்படி ஒரு புரோகிராமை எழுதினான். ஜேர்மனியில் அவன் பழகினவர்களுக்குள்ளே ஒரு வழக்கம் இருந்தது. எழுதின புரோகிராமை விற்கமாட்டார்கள். உள்ளே இருக்கிறதையும் ஒளிக்கமாட்டார்கள். விரும்பினவன் எடுக்கலாம், பிரதி பண்ணலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம், மற்றவனுக்குக் கொடுக்கலாம். இவனும் அப்படியே கொடுத்தான். ஒரேயொரு நிபந்தனைதான். பெயரை மாற்றக்கூடாது, ஒவ்வொரு தாளின் அடியிலும் சின்ன எழுத்தில் தானாக வருகிற 'மனோகரியால் அச்சிடப்பட்டது' என்ற வரியை எடுக்கக்கூடாது.

முதலில் பயன்படுத்த வந்தவர் தம்பிராசா. அவருடைய தாய் தவறி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டியிருந்தது. செத்தவரின் படமும் வரலாறும் அழுகைப் பாட்டுகளும் சேர்த்து வந்தவர்களுக்குக் கொடுக்கிற அந்தச் சிறு புத்தகம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒருவரும் முறையாகச் செத்துமுடிவதில்லை. புத்தகத்தைப் பார்த்தவர்கள் பாட்டை விட்டுவிட்டு அடிவரியை வாசித்தார்கள். வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். செத்த பிள்ளையே வந்து அடித்துக்கொடுத்த மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு வேலணையிலிருந்தும் கல்வெட்டு வந்தது. அனலைதீவிலிருந்து வள்ளத்தில் வந்தது.

கல்வெட்டு மட்டும்தான் வந்தது. பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்குக்கு அழைப்பிதழ் அடிக்க ஒருவரும் வரவில்லை. பக்கத்து அம்மன் கோயில் வாமதேவக் குருக்களிடம் குலசிங்கம் தானே போய், திருவிழா நோட்டீசைச் சும்மா அடித்துத் தருகிறேன் என்றான். குருக்கள் விபூதியைக் கொடுத்து, தேத்தண்ணியும் கொடுத்து, அவனுடைய தோட்டத்து மிளகாய்க் கன்றுகளைப் பற்றி விசாரித்தார். நோட்டீசைப் பற்றி மாத்திரம் பேசவில்லை. அது போதுமான பதில்தான்.

அந்தச் சமயத்தில்தான் கனடாவிலிருந்து ஒரு சங்கம் புரோகிராமைக் கேட்டு எழுதியது. உலகம் பார்க்கப்போகிறது என்றதும் அப்புத்துரையருக்குப் பொறுப்பு வந்துவிட்டது.

கூட்டம் உரிய நேரத்துக்குத் தொடங்கவில்லை. தொடங்கினதும் தமிழ் படிப்பித்து ஓய்ந்த கதிர்காமு மாஸ்டர் எழும்பி, 'முத்தமிழ் மாமணி மின்னச்சுச் செங்கோல்' என்று முன்மொழிந்தார். இன்னொருவர் 'அகில உலகத் தீவகத் தமிழ்ப் பொறி' என்றார். பொறி என்றால் எலிப்பொறியும்தானே என்று பின்வாங்கிலிருந்து குரல் வந்ததால் அது கைவிடப்பட்டது. குலசிங்கம் எழும்பி, புரோகிராமின் பெயர் ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்கு மேல் போனால் கொம்பியூட்டர் ஏற்காது என்று விளங்கப்படுத்தினான். சபை அதிர்ந்தது. தமிழை எட்டெழுத்துக்குள் அடைக்க நினைக்கும் அந்நியச் சதியைக் கண்டித்து ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யாருக்கு அனுப்புவதென்று தெரியாதபடியால் அது அங்கேயே இருந்தது.

“மனோகரிக்கு எட்டெழுத்துத்தான்” என்றான் குலசிங்கம்.

அப்புத்துரையர் மைக்கை விட்டு விலகி வந்து பேசினார். மைக் இல்லாவிட்டால் அவர் நல்ல மனுசன்.

“தம்பி, நீர் குறை நினைக்கக்கூடாது. அது தங்கமான பிள்ளை. ஆனா வாழாமல் போன பிள்ளை. செத்தவீட்டுக்கெண்டால் ஓம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். நல்ல காரியத்துக்கு அந்தப் பேரோடை எப்பிடி ஐசே ஒரு தாளை நீட்டுறது?”

“அப்ப நீட்டாதேங்கோ” என்று சொல்லிவிட்டுக் குலசிங்கம் இறங்கி நடந்தான். வழியெல்லாம் அவனுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு கூட்டத்தை எதிர்த்துப் பெயரைக் காப்பாற்றிவிட்டான். ஜேர்மனியிலிருந்து செய்யமுடியாத ஒன்றைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

அவன் மனதில் இருந்தது வேறு கணக்கு. அக்கா அன்னபூரணத்தின் மகள் இந்திராவதிக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை வீடு புங்குடுதீவு. தாய்மாமன் அவன், அழைப்பிதழை அவன்தான் அடிக்கப்போகிறான். நாலு பக்கமும் நட்சத்திரக் குறிகளால் கரை கட்டி, மேலே கும்பமும் வைத்து, எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தான். அதன் அடியில் சின்ன எழுத்தில் அவள் வருவாள். ஒரு கலியாணத்தோடு வருவாள். பிறகு ஊர் என்ன சொல்லும்? சொந்த வீட்டுக் கலியாணத்துக்கே வந்த பெயர் ஆகிவிடும்.

அக்கா முருங்கைக்காய்க் கட்டொன்றோடு வந்தாள். குசினி வாசற்படியில் இருந்து, காய்களை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்து, முற்றினது என்று தன்னையே பேசிக்கொண்டாள். மாப்பிள்ளையின் தகப்பன் கொஞ்சம் கடும்போக்கு என்றாள். மேளகாரருக்குச் சொல்லியாச்சு என்றாள். குலசிங்கம் அழைப்பிதழைக் கொண்டுவந்து காட்டினான். அவள் மேலே பார்க்கவில்லை. நேராக அடியைப் பார்த்தாள்.

“தம்பி, இந்த வரியை எடுத்துவிடன்.”

இதற்கு அவன் ஆயத்தமாக இருந்தான். கூட்டத்தில் சொல்லாமல் வந்ததெல்லாம் வாயில் இருந்தது. படித்த நீயுமா சகுனம் பார்க்கிறாய் என்றான். அவள் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்றான். ஒரு நல்ல காரியத்திலாவது அவளுடைய பெயர் வரவேண்டும் என்றான்.

அன்னபூரணம் கடைசிக் காயையும் முறித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“சகுனத்தைப் பற்றி ஆர் கதைச்சது? அவளைக் குளிப்பாட்டிக் கூறை உடுத்திவிட்டது நான். நீ குடுத்த கலியாணக் கூறைதான். உடம்பு விறைச்சுப்போய்க் கை மடங்கேல்லை. நீ அதைக் காணேல்லை. உனக்கு அது ஒரு பேர், நீ எழுதி எழுதிப் பாக்கிறாய். எனக்கு அந்தப் பேரைக் கண்டால் அந்தக் கைதான் வருது. என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை எனக்கு அது வேண்டாம், தம்பி.”

குலசிங்கம் அழைப்பிதழை மடித்தான். இவ்வளவு நாளும் அக்காவிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம், கடைசியில் அவள் எப்படி இருந்தாள் என்று. அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறதற்காகத்தான் இவ்வளவு பெரிய புரோகிராமை எழுதினானோ என்று அப்போது ஒருக்கால் நினைத்தான்.

“சரி அக்கா” என்றான். அன்றிரவே, அந்த வரியை மட்டுமல்ல, பெயரையே எடுக்கக் கொம்பியூட்டரின் முன்னால் இருந்தான்.

ஒரு பெயரைப் புரோகிராமுக்குள்ளே தேடி மாற்றும்போது, ஒவ்வொரு இடத்திலும் கொம்பியூட்டர் நின்று கேட்கும்: மாற்றவா? ஓம் என்று ஒரு விசையைத் தட்டவேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்று என்று சொல்லவும் வழி இருந்தது. குலசிங்கம் ஒவ்வொன்றாகத் தட்டினான். இவ்வளவு இடங்களில் அவளை வைத்திருந்தது அவனுக்கே ஞாபகமில்லை.

புதுப் பெயரை அவன் யோசிக்கவில்லை. அப்புத்துரையரிடம் விட்டுவிட்டான். அவர் 'உலகத் தமிழ் முழக்கம்' என்று எழுதிக் கொடுத்தார். அது எட்டெழுத்தில் 'உலகத்த' என்ற இடத்தில் வெட்டுப்பட்டு நின்றது. பரவாயில்லை, மிச்சத்தை உலகம் விளங்கிக்கொள்ளும் என்றார் அப்புத்துரையர். முன்பு புரோகிராமைப் பதிந்து கொடுத்த பிளொப்பித் தட்டுகளையெல்லாம் அவரே அலைந்து திரும்பச் சேகரித்து வந்தார். வேலணைக்குப் போனார், அனலைதீவுக்கு வள்ளம் ஏறினார். எல்லாவற்றின் மேலும் புதியது எழுதப்பட்டது.

பழையதில் ஒன்றைக் குலசிங்கம் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தான். புதுப் பெயருக்கு நிலையத்தில் வைத்த வெளியீட்டு விழாவன்று பிரதம விருந்தாளிக்குக் கொடுக்க ஒன்று குறைந்தது. கொழும்பிலிருந்து வந்தால்தான் புதுப் பிளொப்பி. நீர் ஒன்று வைத்திருக்கிறீர் போல என்று அப்புத்துரையர் தயங்கித் தயங்கிக் கேட்டார். விருந்தாளி மேடையில் ஏறியாயிற்று. குலசிங்கம் வீட்டுக்கு ஓடிப்போய் அதையும் மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். விருந்தாளி அதை வெற்றிலைத் தட்டத்தில் வைத்து வாங்கி, படம் எடுத்து முடிந்ததும் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை அழைப்பிதழை அடித்தான். அடிவரியையே எடுத்துவிட்டதால் அடிப்பகுதி வெறுமையாக, துப்பரவாக இருந்தது. அன்னபூரணம் அதைக் கண்ணில் ஒற்றி, தட்டில் வைத்துப் புங்குடுதீவுக்குக் கொண்டுபோய்ச் சம்பந்தியிடம் கொடுத்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெருவிரலால் எழுத்தைத் தடவிப் பார்த்து, புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே என்றார்.

இந்திராவதியின் கலியாண அழைப்பிதழ் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் தங்க எழுத்தில் அடிக்கப்பட்டது.