கதவில்லாத சுவருக்கும் ஒரு பங்கு

கண்ணாடிக்காரருடைய வீடு சந்தின் முனையில் இருந்தது. முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடை, பின்னால் வீடு. வீட்டுக்குள் போகவேண்டும் என்றாலும் கடை வழியாகத்தான் போகவேண்டும். எல்லாம் பெரிய ரோட்டுப் பக்கம். பக்கத்தில் ஓடிய மண் சந்துக்கு அந்த வீடு காட்டியதெல்லாம் ஒரு நீளமான சுவர் மட்டும்தான். அதில் கதவு கிடையாது, ஜன்னல்கூடக் கிடையாது. அவருடைய அப்பா அப்படிக் கட்டினார். மகனும் அதை மாற்ற நினைத்ததில்லை.

சந்துக்குள் இருந்தவர்களுக்கோ வேறு வழியில்லை. ஒரு மழை விழுந்தால் போதும், சந்து கூழாகிவிடும். கடைசி வீட்டில் இருந்த வேன்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறவர். காலையில் வண்டியைப் பெரிய ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விடும். முனைக்கு வந்ததும் சக்கரம் புதைந்துகொள்ளும். பல் தேய்த்துக்கொண்டிருப்பவர், சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பவர் என்று ஆளுக்கு ஒரு கோலத்தில் ஓடிவந்து தள்ளுவார்கள். தள்ளியவர்கள் முகத்திலேயே சேற்றை வாரி அடித்துவிட்டு வேன் கிளம்பிப் போகும்.

அந்த வருஷம் நகராட்சியிலிருந்து ஆள் வந்து ஒரு நல்ல செய்தி சொன்னார். சந்துக்குத் தார் ரோடு போடலாம். செலவில் பாதி நகராட்சியுடையது, மீதிப் பாதி சந்துக்காரர்களுடையது. அதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது அவர்கள் பாடு. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வேன்காரர் வீட்டு ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். நாற்காலி போதாமல் சிலர் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு என்றதும் சின்ன வீட்டுக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதலாகத் தரட்டும் என்றதும் வேன்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஆள் கணக்கில் பிரிக்கலாமே என்றார் தனியாளாகக் குடியிருந்த நர்ஸ்.

"அப்படின்னா எங்க மச்சான் குடும்பத்தை இன்னிக்கே ஊருக்கு அனுப்பிடறேன். ரொம்ப நாளா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்" என்றார் தையல்கடைக்காரர். மச்சான் பக்கத்து டயரிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், மச்சான் உட்பட.

கடைசியில், சந்தை ஒட்டி யாருடைய இடம் எவ்வளவு நீளம் இருக்கிறதோ அந்த அளவுக்குப் பங்கு என்று ஒருவழியாக முடிவானது. கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அளந்து பாத்தா என் சுவருதான் நீளம், இல்லையா?"

"ஆமா சார்" என்றார் வேன்காரர்.

"அதுல ஒரு கதவு இருக்கா? நான் இந்தச் சந்துல காலு வைக்கறதே இல்லை. காலே வைக்காத ரோட்டுக்கு, எல்லாரையும் விட நான் அதிகமா குடுக்கணும்னா எப்படி? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் வேன்காரருக்குப் பொறுக்கவில்லை.

"சரி சார். உங்க சுவரு முடியற இடத்துலேர்ந்து ரோடு போடச் சொல்லிடறோம். முனையிலேர்ந்து அங்க வரைக்கும் நாங்க பறந்து வந்துக்கறோம்."

"எப்படி வேணா வந்துக்குங்க" என்று எழுந்தார் கண்ணாடிக்காரர். டயரில் இடித்துக்கொண்டதைக்கூடக் காட்டிக்கொள்ளாமல் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தான் கேட்ட கேள்வியை இரண்டு தடவை சொன்னார், இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் கம்பீரமாக. அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்துவைத்தாள்.

"சரிதான்" என்றாள்.

"என்ன சரிதான்? இழுக்கற மாதிரி இருக்கே."

"நீங்க சொன்னது சரின்னேன். நீங்க அந்தச் சந்துல நடக்கறதில்லை. நான் நடக்கறேன்."

"நீ எதுக்கு அங்க போற?"

"நர்ஸ் வீட்டுக்கு. தினம் சாயங்காலம் வேற எங்க போறேனாம்? நம்ம அடுப்படிச் சுவத்துக்கு நேர் எதிர் வீடு. இங்க குக்கர் சத்தம் அவளுக்குக் கேக்குது, அவ தும்மறது எனக்குக் கேக்குது. ஆனா போகணும்னா கடை வழியா இறங்கி, ரோட்டைச் சுத்தி, சேத்துல மிதிச்சுக்கிட்டுப் போறேன். மழை பெஞ்சா செருப்பு காலுல இல்லை, கையில."

"ஒரு நாளும் சொன்னதில்லையே நீ."

"எதைச் சொல்றது? உங்க முன்னாடிதானே போறேன், வர்றேன். செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு உங்களைத் தாண்டித்தான் உள்ள வர்றேன். நீங்க கண்ணாடி துடைச்சுக்கிட்டு இருப்பீங்க."

ஊரில் பாதிப் பேருக்குக் கண் சோதித்துக் கண்ணாடி போட்டவருக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் குத்திக்காட்டவில்லை என்பது இன்னும் மோசமாக இருந்தது. மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் பெருமழை ஓய்ந்து தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லை. கண்ணாடிக்காரர் கதவைச் சாத்திவிட்டு, குடையை விரித்துக்கொண்டு சந்துக்குள் இறங்கினார். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு செருப்பு சேற்றில் ஒட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்று அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு நர்ஸ் வாசலுக்கு வந்தார்.

"என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா?"

"சும்மா பாக்கலாம்னு" என்று மென்று முழுங்கியபடி நிமிர்ந்தவர், தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். பூச்சு இல்லாத செங்கல், பாசி, இரண்டு இடத்தில் முளைத்த செடி. தன் வீட்டுக்கு இப்படியொரு முதுகு இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முனைக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு பைப் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டிய இடத்தில் பெரிய பள்ளம்.

"இது என்ன பைப்பு?"

"உங்க மொட்டைமாடித் தண்ணி சார்."

"வேன் மாட்டிக்கற இடம் எது?"

நர்ஸ் அந்தப் பள்ளத்தைக் கண்ணால் காட்டினார்.

"ஏன் யாருமே எங்கிட்ட சொல்லலை?"

"உங்கப்பாகிட்டச் சொல்லிப் பாத்தாங்களாம். 'அது என் தண்ணி இல்லை, வானத்துத் தண்ணி'ன்னுட்டாராம். அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கலை. உங்க வீட்டுக்காரம்மா வருத்தப்படுவாங்களேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அப்பா அப்படித்தான் சொல்லியிருப்பார், அந்தக் குரல்கூடக் காதில் கேட்டது. நேற்று ஷெட்டில் தான் பேசியதும் அதே குரலில்தான் என்று தோன்றியதும் சிரிப்பு பாதியில் நின்றது. நர்ஸ் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடிக்காரர் காலைக் கழுவினார். கழுவிய காலோடு மறுபடியும் சேற்றில் இறங்கி, கடைசி வீட்டுக்கு நடந்தார்.

வேன்காரர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன.

"பங்கு தர்றேன்" என்று கால்களிடம் சொன்னார் கண்ணாடிக்காரர். "முழு நீளத்துக்கும்."

வேன்காரர் மெதுவாக வெளியே ஊர்ந்து வந்து எழுந்து உட்கார்ந்தார். "என்ன சார் திடீர்னு?"

"பைப்பைப் பாத்தேன்."

"ஓ" என்றார் வேன்காரர். வேறொருவராக இருந்தால் நேற்றைய கணக்கைத் தீர்த்திருப்பார். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, உட்காரும்படி ஒரு டயரைத் தள்ளிவிட்டார்.

"ரெண்டு விஷயம்" என்றார் கண்ணாடிக்காரர், உட்கார்ந்துகொண்டே. "ஓரமா ஒரு கால்வாய் கட்டணும், என் தண்ணி அதுல போகட்டும். அந்தச் செலவு என்னோடது. இன்னொண்ணு, சுவத்தை இடிச்சு ஒரு கதவு வைக்கப்போறேன். அது முன்னாடி யாரும் வண்டி நிறுத்தக் கூடாது."

"கதவு வச்சா நீங்களும் சந்துக்காரர் ஆயிடுவீங்க. வேனைத் தள்ள வரணும்."

"ரோடு போட்டப்புறம் எதுக்குத் தள்ளணும்?"

"பேட்டரி போயிடுச்சு சார். ரோடு வந்தாலும் தள்ளித்தான் ஆகணும்."

வீட்டுக்குத் திரும்பியதும் கதவு வைக்கப்போவதை மனைவியிடம் சொன்னார். அவள் நேராக அடுப்படிக்குப் போய், பாத்திர அலமாரிக்குப் பக்கத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க" என்றாள்.

அந்த இடத்தை அவள் இன்றைக்குத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

கொத்தனார் வந்து சுவரைத் திறந்த அன்று அடுப்படிக்குள் முதல் முறையாக வெயில் வந்தது. கூடவே எல்லாப் பாத்திரத்திலும் செங்கல் தூள். கூரையில் படிந்திருந்த கரியெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. "இதையும் வெள்ளையடிக்கணும்" என்றாள் மனைவி. கதவு ஒன்று வைத்தால் செலவு எத்தனை கதவு வழியாக வருகிறது பார் என்று அவர் முணுமுணுத்தார். ஆனால் வெள்ளையடிக்க ஆளையும் அவரே வரச்சொன்னார்.

ஜல்லி வந்தது, தார் வந்தது, ரோலர் வந்தது. ரோலர் ஓடிய நாட்களில் கண்ணாடிக் கடை பாதி நேரம் பூட்டித்தான் இருந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்று, இந்தப் பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கம் வளைகிறது என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். "சார், உங்க கடையிலேயே ஒரு நல்ல கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டுப் பாருங்க, நேராத்தான் இருக்கு" என்றார் ரோலர் ஓட்டுநர். தையல்கடைக்காரரின் மச்சான் சிரித்த சிரிப்பு முனை வரைக்கும் கேட்டது. கண்ணாடிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நேராகத்தான் இருந்தது.

ரோடு முடிந்த மறுநாள் சாயங்காலம் அவர் கடையில் உட்கார்ந்து ஒருவருடைய கண்ணாடியில் காதில் மாட்டும் கம்பியைத் திருத்திக்கொண்டிருந்தார். மனைவி வெளியே போகும்போது இன்றைக்காவது தலைநிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவள் வரவேயில்லை. கண்ணாடியைத் திருத்த வந்தவர் போய், விளக்குப் போடும் நேரமும் வந்தது. அப்புறம்தான் உறைத்தது: அவள் இனிமேல் இந்த வழியாக ஏன் வரப்போகிறாள்?

கடையைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனார். புதுக் கதவு ஒருக்களித்திருந்தது. அதைத் திறந்து வெளியே வந்தார். தார் இன்னும் வெயிலின் சூட்டை விடவில்லை, செருப்புக்குள் கதகதவென்று ஏறியது. எதிர் வீட்டு வாசல் பெஞ்சில் அவர் மனைவியும் நர்ஸும் உட்கார்ந்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"வாங்க சார்" என்றார் நர்ஸ். "இப்பதான் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்."

"நல்லதாத்தானே?"

மனைவி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "பாதிதான் சொல்லியிருக்கேன். உக்காருங்க, மீதியை நீங்களும் கேளுங்க."

அவர் உட்கார்ந்தார்.