வட்டத்துக்கு வெளியே செய்னம்பு

வாந்திபேதி வந்த வருடம் சாவகச்சேரியிலிருந்து திரும்பிய செய்னம்பு, சோனகத் தெரு முனையில் காலையில் காலெடுத்து வைத்து மத்தியானம் வரை நடந்தும் தன் வீட்டுப் படலையை அடையவில்லை. படலை கல்லெறி தூரத்தில்தான் நின்றது. கொடியில் அவளுடைய சேலை காய்வதும் தெரிந்தது. நடக்க நடக்க வழி நீண்டுகொண்டே போயிற்று. களைத்துத் திரும்பினால் நாலே எட்டில் முனைக்கு வந்துவிட்டாள்.

செய்னம்பு விதவை. தெருவில் பெண்கள் இறந்தால் மையித்தைக் குளிப்பாட்டுகிறவள். சாவகச்சேரியில் வாந்திபேதியில் போன ஒருத்தியைத் தொட ஆளில்லை என்று கேள்விப்பட்டுப் போயிருந்தாள். அன்று பின்னேரமே இங்கே தெருவைக் கட்டினார்கள். கொள்ளைநோய் வந்தால் அதுதான் வழக்கம்: நபி புகழ்ப்பாட்டான புர்தாவை ஓதிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார்கள், நான்கு மூலையிலும் பாங்கு சொல்வார்கள், அதன்பின் எந்தப் பலாயும் பீடையும் உள்ளே வராது. ஆனால் கடைசி மூலையில் வட்டத்தை மூடுமுன் பள்ளிவாசல் லெப்பை ஒன்று கேட்கவேண்டும். காவலுக்குள் இருக்கவேண்டியவர் விடுபட்டுப் போகக்கூடாதல்லவா? முன்னோர் மூளையில்லாமலா வைத்தார்கள்!

"எங்கடை ஆக்கள் ஆரும் வெளியிலை இருக்கினமோ?" என்று காசிம் லெப்பை கேட்டார். செய்னம்புவின் தங்கை ஆசியா கைக்குழந்தையை அணைத்தபடி, "இல்லை" என்றாள். மூத்தவளான ராத்தா நோயைக் கையோடு கொண்டுவந்துவிடுவாள் என்ற பயம். பெற்றவளுக்குப் பயம் வரத்தான் செய்யும், ஆனாலும் கூடப்பிறந்தவளைப் பற்றி அப்படிச் சொல்ல நெஞ்சு வந்ததே! தெரிந்த மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. லெப்பை வட்டத்தை மூடினார். தெருவில் ஒருவர்கூட வாந்திபேதியில் சாகவில்லை.

உண்மை தெரிந்ததும் லெப்பை தலையில் அடித்துக்கொண்டார். இல்லை என்ற வாயே ஓம் என்று சொன்னால்தான் வட்டம் திறக்கும். ஒவ்வொரு சபர் மாதமும் ஆசியாவின் படலையில் போய் நின்று, "ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லு பிள்ளை, அவள் வந்திடுவாள்" என்று கெஞ்சினார். பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும் என்றாள் ஆசியா. பிறகு அம்மை இறங்கட்டும் என்றாள், பிறகு பிள்ளைக்குக் கலியாணம் முடியட்டும் என்றாள். லெப்பை மௌத்தாகி மண்ணுக்குள் போனார்.

செய்னம்பு நாவாந்துறையில் மக்டலீன் என்ற மீன்காரியின் பின்வளவில் குடிசை போட்டாள். பின்னேரங்களில் தெரு முனையில் வந்து நிற்பாள். அவளைக் கண்டதும் ஆசியா கதவைச் சாத்துவாள். பெருநாளுக்குத் தெருப்பெண்கள் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தால் அவர்களுக்கும் வழி நீண்டது, சோறு புளித்ததுதான் மிச்சம். கைகாட்டிவிட்டுப் போனார்கள். யுத்தம் வந்தது, அரிசிக்குக் கூப்பன் வந்தது. செய்னம்பு அடுப்போடு கதைக்கப் பழகினாள். "ஆரோடையடி கதைக்கிறாய்?" என்று மக்டலீன் கேட்டால், "தங்கச்சியோடை" என்பாள். பாவம், வேறு யாரிருந்தார்கள் அவளுக்கு.

ஒருநாள் தெருவில் ஒருத்தி பிள்ளைப்பேற்றில் இறந்தாள். அதுவரை குளிப்பாட்டிய கிழவியும் போய்விட்டாள், வேறு தெரிந்தவர் இல்லை. வேறு வழியில்லாமல் ஆண்கள் மையித்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு நாவாந்துறைக்கு நடந்தார்கள். வழி நீளவில்லை. சந்தூக்கு நேரே குடிசைக்கு வந்து சேர்ந்தது. அதன்பிறகு தெருவில் இறந்த பெண்கள் எல்லோரையும் அவளிடமே கொண்டுவந்தார்கள். ஊர் அதையும் வழக்கமாக்கிக்கொண்டது.

மழை நாளொன்றில் ஆசியாவையும் கொண்டுவந்தார்கள். அவள் கடைசிவரை ஓம் சொல்லவில்லை. செய்னம்பு இலந்தையிலை போட்ட வெந்நீரால் அவளைக் கழுவினாள். தலையை வாரி மூன்றாகப் பின்னினாள். கற்பூரம் வைத்தாள், வெள்ளைக் கபன் துணி சுற்றினாள். எல்லாம் முடிந்தும் கதவு திறக்கவில்லை. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது, நடுவில் சிரிப்பும் கேட்டது. அடக்கத்துக்கு நேரமாகிறது என்று வெளியே ஒருவர் செருமினார்.

"கொஞ்சம் பொறுங்கோ, என்ரை தங்கச்சி இப்பதான் வந்திருக்கிறாள்" என்றாள் செய்னம்பு.

அவர்கள் வெறும் சந்தூக்கை மக்டலீனின் தாழ்வாரத்தில் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.