ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

1.
உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை திருத்துறைப்பூண்டியில், பேருந்துக்காக ஒரு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் காத்து நின்றபோது பிறந்தது. பேருந்து வரவில்லை. டிரான்ஸ்பார்மர் ‘ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண் அதோடு சேர்ந்து மெல்ல முனகினாள். அவளுக்குச் சுடர்விழி என்று பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2.
முதல் தொடக்கம்: காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்த அந்தக் காலையில்…

(வேண்டாம். தஞ்சாவூர்ச் சீமைக் கதை என்றால் மதகைத் திறந்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமா?)

இரண்டாவது: சுடர்விழிக்கு நாற்பத்தொரு வயது, ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம், மேடையில் பாட வேண்டும் என்ற தீராத ஆசை. குரல் பயிற்சியைக் கைப்பேசிக் காணொலிகளில் கற்றாள். வீட்டில் பாடினால் கணவன் பகலவன் டிவி சத்தத்தைக் கூட்டுவான். அதனால் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போனாள். அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து ‘ஆ’ என்று ஒரே சுரத்தில் நிற்பாள். மோட்டார் இரைச்சலில் கைப்பேசியின் சுருதி கேட்கவில்லை. மோட்டாரையே சுருதியாக வைத்துக்கொண்டாள். இப்படி இரண்டு வருடம்.

3.
பட்டுக்கோட்டை இசைக்குழு ஒன்று புதுக் குரல் தேடியது. ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பினால் போதும், பிடித்திருந்தால் மேடை. பகலவனோடு ஃபாஜிலின் ஸ்டூடியோவுக்குப் போனாள்.

(ஃபாஜிலை வில்லனாக்கத்தான் நினைத்தேன். வந்தவுடன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டான். என்ன செய்வது?)

அவள் பாடி முடித்ததும் ஃபாஜில் கணினித் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“அக்கா, சுருதி வெலகுது. கவலைப்படாதீங்க, ஆட்டோடியூன் போட்டா சரியாயிடும்.”

போட்டான். குரல் வழுவழுவென்று வந்தது.

“நல்லாத்தான் இருக்கு. பாடுறது யாரு?” என்றான் பகலவன்.

சுடர்விழிக்குக் கண் கலங்கிவிட்டது. “எடுத்துடுங்க தம்பி. நாளைக்கு மேடையில இந்தக் கொரலுக்கு நான் எங்க போறது?”

4.
இங்கே மூன்று நாள் கதை நகரவில்லை. அவள் தோற்றுத் திரும்புவதாக ஒரு முடிவு எழுதினேன்: பேருந்தின் சன்னலோரம் சுடர்விழி…

(அடித்துவிட்டேன். இரண்டு வருட உழைப்பை ஒரு பத்தியில் கவிழ்க்க நான் யார்?)

ஃபாஜில் திரையை இன்னொரு முறை பார்த்தான்.

“அக்கா, எல்லாச் சுரமும் ஒரே அளவு வெலகுது. அஞ்சு கட்டைக்கும் அஞ்சரைக்கும் நடுவுல, கீபோர்டுலயே இல்லாத எடத்துல, அசையாம நிக்கிறீங்க. எதை வச்சுப் பழகுனீங்க?”

“மோட்டாரை வச்சு.”

அவன் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு கீபோர்டின் சுருதியை அந்த நடு இடத்துக்கே நகர்த்தினான். அவள் மறுபடி பாடினாள். குரலும் வாத்தியமும் பாலும் சர்க்கரையுமாகக் கலந்தன. எழுதிக்கொண்டிருந்த நானே சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

“இதான் வரப்புல நின்னு நான் கேட்ட கொரலு,” என்றான் பகலவன்.

“நீங்க எப்பக் கேட்டீங்க?”

“ரெண்டு வருஷமா.”

5.
குழுவில் சேர்த்துக்கொண்டார்களா? அதை நான் எழுதப்போவதில்லை. மோட்டாருக்குப் போகும் அதே மின்சாரம்தான் உங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கும் வருகிறது, சுருதியும் அதேதான். கொஞ்சம் தள்ளி நின்று, அதைப் பிடித்து, ‘ஆ’ என்று நில்லுங்கள். சேர்ந்தால் சுடர்விழி மேடையேறிவிட்டாள்.

சேராவிட்டால் நாளைக்கும் வாருங்கள். அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.