ஜன்னலோரக் கலர்

வீரபாகுவின் வயிற்றுவலியை நம்பிய ஆள் உலகத்தில் ஒருவர்தான், அது வீரபாகுவேதான். உப்பளத்தில் கங்காணி வேலை. திடீர் திடீரென்று வலி வந்து ஆளைச் சுருட்டிப் போடும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது. போன வருஷம் ஒரு டாக்டர் குடல்வாலை வெட்டி எடுத்தார். பாவம், அது ஒரு பாவமும் அறியாத வால். இப்போது வேறு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மறுநாள் காலையில் பித்தப்பையை வெட்டி எடுக்க நாள் குறித்துவிட்டார்கள்.

அவர் மனைவி முத்துச்செல்விக்கு இதெல்லாம் சுத்த நடிப்பு. அவளிடம் உள்ள ஒரே வைத்தியம் வயிற்றைக் காயப்போடுவது. வலி என்று வாயைத் திறந்தால் சோறு கிடையாது, சுக்குத் தண்ணீர்தான்.

அன்று மத்தியானம் டெஸ்டுக்குச் சிறுநீர் கேட்டார்கள். பிடித்துக்கொண்டு போனால் லேப்காரர் சாப்பிடப் போயிருந்தார். வீரபாகு பாட்டிலை வெயிலடிக்கிற ஜன்னலில் வைத்துவிட்டுச் சுருண்டு படுத்தார். முத்துச்செல்வி வந்து பார்க்கும்போது பாட்டிலில் இருந்தது கருஞ்சிவப்பாக மினுமினுத்தது.

“திராட்சைக் கலரா? நான் காயப்போட்டா நீங்க திருட்டுத்தனமா கலர் சோடா வாங்கிக் குடிக்கீயளோ? மிச்சத்த டெஸ்டு பாட்டில்ல வேற ஒளிச்சு வச்சிருக்கீய!”

“ஏளா, அது கலர் இல்ல. அது வந்து...”

அவள் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோகவும், டாக்டர் ரிஃப்கா உள்ளே வரவும் சரியாக இருந்தது. காயல்பட்டினத்துப் பெண், புதிதாகச் சேர்ந்தவர். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது எப்பக் கலர் மாறுச்சு?”

“கலரே வாங்கலம்மா, பொறவு எங்க மாத்த!” வீரபாகு அழாத குறை.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “வெயில்ல நின்னா கையில, முகத்துல கொப்புளம் வருமா?”

“உப்பளத்து வெயில்லதான் கெடக்கேன். கறுத்தேனே தவிர ஒரு கொப்புளம் கிடையாது.”

“போர்ஃபிரியாங்கிற அபூர்வ நோயா இருக்கும்னு சந்தேகப்படுதேன். அது இருந்தா வெளிச்சம் பட்டு மூத்திரம் கருஞ்செவப்பாகும். அதுல பல வகை. ஒரு வகையில வெயில் பட்டாத் தோல் புண்ணாகும், வயித்துக்கு ஒண்ணும் செய்யாது. ஒரு வகை வயித்த மட்டும் பிடிக்கும். ரெண்டையும் பிடிக்கிறதும் உண்டு. வெயில் உங்கள ஒண்ணும் செய்யல, உங்க மூத்திரத்தத்தான் செஞ்சிருக்கு. இன்னொரு பாட்டில் குடுங்க, வெளிச்சம் படாம கறுப்புக் கவர்ல சுத்தி அனுப்பிப் பாப்போம். அதுவரைக்கும் ஆபரேஷன் வேண்டாம்.”

ரிசல்ட் வந்தது. வயிற்று வகையேதான். பித்தப்பை தப்பியது.

“அப்ப வலி நெசந்தானா?” என்றாள் முத்துச்செல்வி.

“பிரசவ வலி கணக்கா இருக்கும். பட்டினி கெடந்தா இன்னும் மோசமாகும். ஒரு வேளைகூட வயித்தக் காயப்போடக் கூடாது.”

டாக்டர் போனதும் அவள் வெளியே ஓடினாள். இட்லியும் கேசரியும் வாங்கி வந்து, பிட்டுப் பிட்டு அவர் வாயில் ஊட்டினாள்.

“நான்லா உங்களக் கொன்னிருப்பேன்.”

வீரபாகு அவளைக் குத்திக் காட்டுவதற்கென்றே எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார்.

“இப்ப நம்புதியா?” என்று மட்டும் கேட்டார்.

“நம்புதேன்.”

எந்த வலிக்கும் அழாத மனுஷன், அந்த ஒரு வார்த்தைக்குக் கேசரியை மென்றுகொண்டே தேம்பித் தேம்பி அழுதார்.